அட்டை மாமாவின் நூலகம்

எங்கள் ஊர் நூலகத்தைக் கட்டியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். செங்கல் கேட்டு, மணல் கேட்டு, ஆளை அட்டைபோல ஒட்டிக்கொள்வார்; கொடுத்தால்தான் கழன்று விழுவார். அப்படித்தான் அவர் அட்டை மாமா ஆனார்.

கட்டிடம் எழும்பியதும், நகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் தன் வீட்டை ஒழித்து லாரி நிறையப் புத்தகம் அனுப்பினார். சட்டம், வருமான வரி, கப்பல் கட்டுமானம். எங்கள் ஊரில் கடலும் இல்லை, வருமானமும் இல்லை. ஆனாலும் அழுக்காகிவிடக் கூடாதே என்று மாமா ஒவ்வொன்றுக்கும் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டார். பட்டப்பெயருக்கு ஒரு கௌரவமான காரணமும் கிடைத்தது.

ஊரே வந்து புத்தகம் எடுத்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் தையல்கடை அக்கா தடித்த சட்டப் புத்தகம் ஒன்றைத் திருப்பி நீட்டினார்.

"மாமா, மாமியாருக்கு விஷம் வச்ச மருமக மாட்டினாளா இல்லையா? இந்த அட்டையில பாதிதான் இருக்கு."

"மீதி வருமான வரி அட்டையில இருக்கும்மா. மளிகைக்கடைக்காரர் எடுத்துட்டுப் போயிருக்காரு" என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல்.

ஆண்டு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு மரியாதையா வச்சிருக்காங்க. இன்னொரு லாரி அனுப்பட்டுமா?"

"புத்தகம் இருக்கட்டும் சார்" என்றார் மாமா. "பழைய பேப்பர் இருந்தா அனுப்புங்க. அட்டையெல்லாம் படிச்சுப் படிச்சே கிழிஞ்சுபோச்சு."