மகளின் முதல் டிரிப்பும் அப்பாவின் வயிறும்

டிப்போவில் அவருக்கு ‘நான்ஸ்டாப்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பினால், நிறுத்தத்தைத் தவிர வேறெங்கும் வண்டியை நிறுத்தமாட்டார், தலைகீழாக நின்றாலும் நடக்காது. யாராவது கூச்சத்தோடு முன்னால் வந்து, “அண்ணே, அவசரம், ஒரு நிமிஷம் ஓரமா...” என்று குனிந்து கேட்டால், “ஏறுறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்திருக்கணும்” என்பார். கைக்குழந்தைக்காரிக்கும் அதே பதில்தான், கோலூன்றி ஏறியவருக்கும் அதே பதில்தான். இதில் அவருக்குப் பெருமை வேறு.

தனக்கும் அவர் சலுகை தந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலை ரூட்டில் டியூட்டி என்றால் முந்தின நாள் சாயங்காலத்தோடு சாப்பாடும் தண்ணீரும் நிறுத்தம். பழைய டிரைவர்கள் எல்லோரும் கையாண்ட வழிதான் இது. காலி வயிறு வழியில் மானத்தை வாங்காது என்பது அவர்கள் கணக்கு. ரத்தம் போக ஆரம்பித்தபோதும், “சீட்டுச் சூடு. எந்த டிரைவருக்குத்தான் இல்ல?” என்று வருஷக்கணக்கில் தட்டிக் கழித்தார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்தபோது பெருங்குடல் முழுக்கப் புண். அதை மொத்தமாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையைக் கீழே கொண்டுவந்து இணைத்தார்கள். முன்பே வந்திருந்தால் மருந்திலேயே சமாளித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

உயிர் தங்கியது, வேலை தங்கவில்லை. அதன்பிறகு வீட்டில் வயிறு வைத்ததுதான் சட்டம். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓட வேண்டும். ஓடிப்போய் உட்கார்ந்து எழுந்து வந்தால், மறந்துவிட்ட சாமானை எடுக்க வந்தவர் மாதிரி மறுபடியும் ஓட வேண்டும். காற்று சேர்ந்து வயிறு கல்லாக உப்பிக்கொள்ளும். பேங்க் வரிசையில் நின்றால் உள்ளே யாரோ மேஜை நாற்காலி இழுப்பது போலச் சத்தம் கேட்கும். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், இவரும் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார். போய்ப் போய்ப் புண்ணான இடத்தில் களிம்பு தடவிக்கொண்டு, ஒருக்களித்தே உட்காரப் பழகினார். பார்க்க வந்த பழைய கண்டக்டர், “என்ன மாமா, வண்டிய விட்டதும் வயிறு நான்ஸ்டாப் ஆயிடுச்சாமே?” என்று கேட்டுச் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். கண்டக்டர் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நர்ஸ் என்னவோ புட்டுப்புட்டுத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். “கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுங்க. நல்லா மென்னு முழுங்குங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க, வெறும் வயித்துல காத்துதான் சேரும். தண்ணிய உறிஞ்சி உடம்புக்குக் கொடுக்கற குடலையே எடுத்தாச்சு. அதனால உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி பக்கத்துலயே இருக்கணும். அத விட்டீங்கன்னா சுருண்டு விழுந்துடுவீங்க.” மனைவிக்கு இது மனப்பாடம். அவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். வயிற்றைப் பற்றி ஒரு நர்ஸ் சொல்லித்தான் டிரைவருக்குத் தெரிய வேண்டுமா?

இந்த நிலைமையில்தான் மகளுக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்தது. வேண்டாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மகளும் விடவில்லை. “அந்தப் பிடிவாதம் எங்கேருந்து வந்ததுன்னு நான் வெளிய போய்த் தேடணுமா?” என்றாள் மனைவி. முதல் டியூட்டியே அவருடைய மலை ரூட்டில் விழுந்தது.

“அப்பா, முதல் டிரிப்ல நீங்களும் அம்மாவும் வரணும். முன் சீட்டுல உட்காருங்க. அந்த மேட்டுல நான் எப்படி ஓட்டறேன்னு நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி.”

“வராம இருப்பேனா கண்ணு?” என்றார். நெஞ்சு நிறைந்துபோனது. வாழ்க்கையில் அவர் அப்படி ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். முன் சீட்டில் உட்கார்ந்து மகள் வண்டி ஓட்டுவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். ஆனால் மலை முழுக்க ஒதுங்க இடம் கிடையாது. ‘எனக்காக நடுவுல ஒரு தடவை நிறுத்தும்மா’ என்று கேட்டால் முடிந்தது. அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. எத்தனை பேருக்கு நிறுத்த முடியாது என்று சொன்ன வாய் அது!

ஆகவே பழைய வழி. முந்தின நாள் மத்தியானமே மனைவி தந்த கஞ்சியை வாஷ்பேசினில் ஊற்றினார். உப்புத் தண்ணீரும் அதே வழியில் போனது. “குடிச்சீங்களா?” என்று கேட்டால், “குடிச்சேன், குடிச்சேன்” என்றார். பெருங்குடல் இருந்த காலத்து வயிறு என்றால் அடங்கியிருக்கும். இது அடங்கவில்லை. உள்ளே இருந்த தண்ணீரையும் வெளியே தள்ளியது.

காலையில் யூனிஃபார்மில் மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தார். அதுவரைக்கும் நன்றாகப் பார்த்தார். மலை ஏறத் தொடங்கியதும் வயிறு முறுக்கிப் பிழிந்தது. வெறும் காற்று மேலும் கீழும் உருண்டது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. கம்பியை இறுகப் பிடித்துக் கண்களை மூடிக்கொண்டார்.

“என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?”

“வெயில் கூசுதுடி. சும்மா இரு.”

“அப்பா, சரியா இருக்கீங்களா?” என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

“ரோட்டைப் பாரு!” என்றார். அதுதான் அந்தப் பயணத்தில் அவர் மகளிடம் பேசிய ஒரே பேச்சு. கடைசித் திருப்பத்தில் சீட்டிலிருந்து சரிந்து விழுந்தார்.

சாலையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு முன்னால் மகள் வண்டியை நிறுத்தினாள். பயணிகளே தூக்கி இறக்கினார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “நான் இருக்கேன், நீ போ” என்றாள் மனைவி. வண்டி நிறைய ஆட்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிப்போனாள்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து மகள் வந்தபோது அவருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கஞ்சி போன வழி அதற்குள் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்து, சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“இந்த ஆஸ்பத்திரியைத் தாண்டினதும் பெட்ரோல் பங்க் இருக்குல்லப்பா? அங்க கொஞ்ச நேரம் நிறுத்தறதா டிப்போவுல முன்னாடியே கேட்டு வச்சிருந்தேன். பங்க்காரர்கிட்ட சொல்லி பாத்ரூமையும் கழுவி வைக்கச் சொல்லியிருந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?”

“சொன்னா நீங்க வந்திருப்பீங்களாப்பா? உங்களுக்காக பஸ்ஸு நிக்குதுன்னா?”

வந்திருக்கமாட்டார். அது அவருக்கே தெரியும். வெட்கம் வயிற்றுவலியைவிட அதிகமாக வலித்தது.

பேச்சை மாற்ற நினைத்தாளோ என்னவோ, மகள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது. “அது போகட்டும். அந்த மேட்டுல எதிர்ல லாரி வந்துச்சே, நான் அப்படியே வண்டிய நிறுத்தி, ஒரு துளி பின்னால உருளாம எடுத்தேனே, எப்படிப்பா இருந்துச்சு?”

பிரமாதம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். லாரி வந்ததே அவருக்குத் தெரியாது.

“நான் பாக்கலைம்மா” என்றார். “கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்.”