ஒன்பது பலகை வீடு

பழைய கடையை வீடாக்கித் தருவது என் தொழில். சுவரை மாற்றிவிடலாம், அதைப் பார்க்கும் ஊரை மாற்றுவதற்குள் உயிர் போய்விடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

கோவிந்தாபுரத்தில் பூட்டிக் கிடந்த மளிகைக் கடை ஒன்றை ரேவதி என்பவர் வாங்கி என்னிடம் ஒப்படைத்தார். கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய அம்மாவும் கூடவே குடிவர வேண்டும். அம்மாவோ கடைக்குள் குடியிருக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். “பால் காய்ச்சற அன்னிக்கு வந்து பாப்பாங்க. வேண்டாம்னுட்டா வித்துருவேனுங்க” என்றார் ரேவதி. எனக்கா பயம்? எத்தனை கட்டடம் பார்த்த கை இது!

திறந்த பலகை

கடையின் முகப்பு முழுக்க ஒன்பது மரப்பலகைகள். வாசல் சட்டத்தில் வெட்டிய காடியில் ஒவ்வொன்றாகச் சொருகி அடைக்க வேண்டும். ரேவதிக்கு அதுதான் அழகே. அதனால் பலகைகளை வைத்துக்கொண்டு, மூட்டை அடுக்கிய இடத்தைச் சமையலறை ஆக்கினேன். கல்லா இருந்த மூலையில் மேசை போட்டேன். கூரையில் கண்ணாடி ஓடு பதித்தேன்.

பகலில் பலகைகளைக் கழற்றிவைத்துத்தான் வேலை பார்த்தோம். அதுதான் வம்பாகிவிட்டது. எதிர் டீக்கடையே கதியாக இருக்கும் ஆறுமுகத்தண்ணன் முதல் நாளே வந்து வெற்றிலை பாக்கு கேட்டார். இது கடையில்லை, வீடு என்றேன். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் குரலை உயர்த்தினேன். மனிதர் அசரவில்லை.

“பலகை தொறந்திருந்தாக் கடைதானுங் அம்மிணி. ஊடுன்னாக் கதவு வெய்யுங்க.”

நம்பர் போன கதை

தச்சர் செல்வன் பலகைகளைப் பளபளவென்று தேய்த்துத் தந்தார். பின்பக்கம் எழுதியிருந்த நம்பரையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்று இழைத்த பலகை; மாற்றிச் சொருகினால் பாதியில் இறுகி நிற்கும். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், காலையிலிருந்து மதியம் வரை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தோம். மறைப்பானேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடைக்க முடியாத வீட்டை அந்த அம்மாவிடம் எப்படிக் காட்டுவது?

கையில் டீ கிளாஸோடு ஆறுமுகத்தண்ணன் சாலையைக் கடந்து வந்தார். முடிச்சு உள்ளது மூன்றாவது, ஓரத்தில் எலி கடித்தது ஏழாவது என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டினார். கால் மணி நேரத்தில் ஒன்பதும் உட்கார்ந்தன. எப்படித் தெரியும் என்று வாய் பிளந்தேன்.

“முப்பது வருசமாத் தெனமும் கடை எப்பத் தொறக்கும்னு எதுத்தாப்புல ஒக்காந்து பாத்தவனுக்குத் தெரியாதுங்களா?”

அம்மாவின் தீர்ப்பு

மறுநாள் பால் பொங்கியது. அம்மா எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்தார்; கல்லா இருந்த மூலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரேவதியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து ஆறுமுகத்தண்ணன் வாசலில் நின்று, வழக்கம்போல வெற்றிலை பாக்கு கேட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அம்மா தாம்பாளத்திலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து நீட்டினார். எந்தத் தெரு, பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரிக்க ஆரம்பித்தார். கோயம்புத்தூர் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே அவர் பார்த்ததில்லையாம். அரை மணி நேரம் கழித்துத்தான் மகள் பக்கம் திரும்பினார்.

“தெரியாத ஊருல தனியாக் கெடப்பமோன்னுதான் பயந்தேன் கண்ணு. ஆளு வந்து போற ஊடுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

பூட்டிக் கிடந்த கடையை வீடாக்கினேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருக்க, காலையில் பலகையைத் திறக்கும் அம்மாவும் வெற்றிலைக்கு வந்து நிற்கும் ஆறுமுகத்தண்ணனுமாகச் சேர்ந்து அதைத் திரும்பவும் கடையாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.