சுப்பையா பேசிய நாற்பது நிமிடம்

சுப்பையாவை நான் பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரிப் படகில் கண்டுபிடித்தேன். ஒரு மனிதரைக் கண்டுபிடித்தேன் என்பது திமிரான பேச்சுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். "மழ பேஞ்சா என்னாஆ, மோட்டர ஓட்டிக்கிட்டு வா லாஆ."

பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பிப்பவள் நான். பட்டர்வொர்த் பக்கத்துத் தொழிற்சாலைத் தமிழர்கள் பேசும்போது வாக்கியத்தின் கடைசி உயிரோசை, இங்கே எல்லாப் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' உட்பட, ஏன் இப்படி நீள்கிறது, குரல் ஏன் அங்கே மேலேறுகிறது என்பது என் ஆராய்ச்சி. இயந்திர இரைச்சலைத் தாண்டிக் கத்திக் கத்திப் பழகிய பழக்கம் அது என்பது என் கட்சி. விசாரித்தால், மனிதர் மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் கடைசல் இயந்திரத்தோடு நின்றவர். மனைவி இறந்து பட்டர்வொர்த்தில் தனியாக இருந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்தார். வரும் வழியில் லிட்டில் இந்தியாவில் வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கி அங்கேயே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மடிப்புக் கோடு கலையவில்லை. பதிவுக்கு ஒப்புதல் தரும் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார். "இத டீச்சருங்க எல்லாம் கேப்பாங்களா ம்மா?" என்றார். கேட்பார்கள் என்றேன். பதிவுக்கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களே, அனைவருக்கும் என் இனிய வணக்கம்."

அறையில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர். மைக்கைக் கண்டால் நம் ஆட்கள் மேடையேறிவிடுவார்கள் என்பது எனக்குப் புதிதல்ல. கோயில் கூட்டம், சங்கக் கூட்டம், கல்யாண மண்டபம் என்று எத்தனை பார்த்திருக்கிறேன். "வீட்ல பேசுற மாதிரி பேசுங்கண்ணே," என்றேன். தலையாட்டிவிட்டு, "எனது இல்லத்தில் நான் உரையாடும் விதமாவது," என்று ஆரம்பித்தார். நாலு முறை சொல்லிப் பார்த்தேன். நாற்பது நிமிடமும் அதேதான். ஒரே ஓர் உயிரோசைகூட நீளவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

கருவியை நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுத்தேன். விளக்கு அணைந்ததும் மனிதர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, நான் எதற்காகக் கூப்பிட்டேனோ அந்தப் பேச்சையெல்லாம் பேசினார். பட்டறையைப் பற்றி, வீட்டைப் பற்றி, மகளைப் பற்றி. விளக்கு எரியாமல் பதிவு செய்வது எங்கள் தொழிலில் குற்றம். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அவர் போனதும் அந்தப் பதிவைப் 'பயன்படாதவை' என்ற கோப்புறையில் போட்டுவிட்டு மறந்தும் போனேன்.

மூன்று வருடம் கழித்து, போன மாதம், குமுதா வந்தாள். சுப்பையாவின் ஒரே மகள். சுங்கைப் பட்டாணியில் தமிழாசிரியை. மாரடைப்பில் அப்பா போய்விட்டார் என்றாள். அவருடைய ஐ.சி. அடையாள அட்டையைத் தேடியபோது, அதோடு சேர்த்து மடித்து வைத்திருந்த என் படிவத்தின் நகல் கிடைத்ததாம்.

"அப்பா குரல் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல டீச்சர். ஏழு வருஷமா எங்கூட பேசல."

ஏன் என்று அவளே சொன்னாள்.

"மாப்ள வீட்டுக்காரங்க வந்த அன்னிக்கு, 'அப்பா நீங்க ரொம்பப் பேசாதீங்க, உங்க பட்டறத் தமிழ் அவங்களுக்குச் சிரிப்பா இருக்கும்'னு சொல்லிட்டேன். அதோட சரி. கல்யாணத்துக்கு வந்தாரு, வாயே தொறக்கல. போன் அடிச்சா எடுப்பாரு. மூச்சு விடுறது மட்டும் கேக்கும். வெக்கமா இருந்துச்சு. நானும் வீட்டுக்குப் போகாமலே இருந்துட்டேன்."

கோப்பைத் தேடி எடுத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "இது யாரு?" என்றாள். உங்கள் அப்பாதான் என்றேன். மறுபடி கேட்டாள். ஒருகட்டத்தில் அவள் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்தது.

"நான் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கிற மாதிரியே பேசுறாரு, டீச்சர். ஒரு பிழைகூட இல்ல. எனக்காகப் பழகியிருக்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர்கள் கேட்பார்களா என்று அவர் கேட்டது ஒரே ஒரு டீச்சரை நினைத்து. ஒரு மகளுக்குப் போய்ச் சேரவேண்டிய பேச்சை மூன்று வருடம் குப்பையில் போட்டு வைத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

முழுவதும் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "சாதாரணமா ஒண்ணுமே பேசலியா?"

"டீ குடிக்கிறப்ப பேசுனாரும்மா. பதிவு பண்ணல."

"என்னப் பத்தியா?"

"ஆமா."

"என்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

ஓசைகளின் நீளத்தை மில்லி விநாடியில் அளப்பவள் நான். அவர் சொன்ன சொற்களும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. "அவ வந்தா என்னா, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு லா," என்றேன். என் வாயில் அது பாடப் புத்தகத்தை வாசிப்பது போல வந்தது.

"அப்படி இல்ல டீச்சர்," என்று அவளே சொல்லிக் காட்டினாள். "அவ வந்தா என்னாஆ, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு லாஆ."

கடைசி ஓசை நீண்டு மேலேறியது. அச்சு அசலாக அவரேதான். சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எங்க ஊர்லேருந்து பட்டர்வொர்த்துக்கு முக்கா மணி நேரந்தான் டீச்சர்," என்றாள். "ஒரு தரம் போயிருக்கலாம்."