ஜெராக்ஸ் கடையின் மூன்று ஜன்னல் கம்ப்யூட்டர்

விமலா அக்கா இறந்துவிட்டார். இன்று மாலை, ஆஸ்பத்திரியில். பெங்களூரு தொம்மலூரில் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்.

இது அம்மாவின் ஃபேஸ்புக் அக்கவுண்ட். எழுதுவது அம்மா இல்லை, ஒன்பதாவது படிக்கும் அவர் மகள். அம்மா தூங்குகிறார்... போர்வைக்குள் இருந்து டைப் செய்கிறேன்.

தண்ணீர் டேங்கர் வந்தபோது யார் குடம் முன்னால் என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் சண்டை. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. "அவ கடப் பக்கம் போன, கால ஒடிச்சிருவேன்" என்று எனக்கும் உத்தரவு.

நான் போனேன். ஒரு வருடமாக, டியூஷன் முடிந்ததும்.

காரணம் ஒரு பொம்மை. பழைய சாமான் வாங்கும் குஜரிக் கடையில் பேப்பர் கட்டுகளோடு கிடந்ததை அக்கா வாங்கி வந்திருந்தார். நோட்டுப் புத்தக அளவில் சிவப்பு பிளாஸ்டிக். பேட்டரி இல்லை, வயர் இல்லை. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் மூன்று சின்ன ஜன்னல்களில் 0, 1 மாறும். 001 என்றால் ஒன்று, 010 என்றால் இரண்டு, அப்படியே 111 என்றால் ஏழு. கம்ப்யூட்டர் எப்படி எண்ணுகிறது என்று குழந்தைகளுக்குக் காட்ட, அந்தக் காலத்தில் வெளிநாட்டில் செய்தது.

அதில் வரிசையாகச் சின்னக் குச்சிகள் உண்டு; எந்தக் குச்சியில் குட்டிக் குழாயைச் செருகுகிறோமோ அதன்படிதான் அது எண்ணும். குழாய்கள் எல்லாம் தொலைந்திருந்தன. அக்கா தீர்ந்துபோன பேனா ரீஃபில்களை வெட்டிச் செருகினார்.

எஸ்எஸ்எல்சி ஃபெயில் அவர். என் கம்ப்யூட்டர் புத்தகத்தை நான் வாசிக்க, அவர் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். கரண்ட் போனால்தான் எங்களுக்கு நேரம். ஜெராக்ஸ் மெஷின் ஓடாதே...

ஒருநாள் ஐந்துக்கு அப்புறம் ஏழு வந்தது. "பொம்ம கெட்டுப்போச்சுக்கா" என்றேன். உற்றுப் பார்த்தார். "நீ வெச்ச துண்டுதான்டி தப்பு. அது உன்ன மாதிரி இல்ல... சொன்ன பேச்சக் கேக்குது."

இன்னொரு நாள் கழுத்தில் ஐடி கார்டோடு ஒருவர் வந்தார். "இதுல ஃபேஸ்புக் வருமா மேடம்?" என்று சிரித்தார்.

"வராது சார். ஹேங்கும் ஆகாது."

அக்கா அவரையே தள்ளிப் பார்க்கச் சொன்னார். ஏழு வந்ததும் "நெக்ஸ்ட் எட்டு" என்று அந்த ஐடி கார்டுக்காரரே சொல்லித் தள்ளினார். மூன்று ஜன்னலிலும் 0.

"மூணு ஜன்னல்தானே சார் இருக்கு. எட்டுக்கு எடம் பத்தாது, திரும்ப மொதல்லேர்ந்து வரும்."

அவர் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெராக்ஸ் எடுக்காமலேயே போய்விட்டார்...

அம்மாவைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆறரை ஆனால் "கெளம்புடி, அம்மா தேடுவாங்க" என்று விரட்டுவார்.

அம்மா, காலையில் நீதான் இதை முதலில் பார்ப்பாய். அடித்தாலும் பரவாயில்லை. பத்து மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் நான் போக வேண்டும்... நீயும் வா அம்மா.

விமலா அக்கா, காலையில் வந்துவிடுவேன்.