பிளீச் ஊற்றிய சோறு

வெளிநாட்டு ராணுவ முகாமில் வேலை பார்த்தேன் என்றால் ஊரில் உடனே துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் எச்சில் தட்டு. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கூலி வேலைக்குப் போகிற குடும்பம். கேட்டரிங் படித்துவிட்டு மதுரை ஹோட்டல்களில் மேசை துடைத்தேன். பிறகு விமானம் ஏறி ஒரு பாலைவன நாட்டுக்குப் போய், அங்கே முகாம் போட்டிருந்த வேறொரு நாட்டுச் சிப்பாய்களின் சாப்பாட்டுக் கூடத்திலும் மேசைதான் துடைத்தேன். சீருடை மட்டும் மாறியது.

அந்தக் கூடத்துச் சாப்பாட்டில் ஒரு குறையும் கிடையாது, அத்தனையும் முதல் தரம். பரிமாறும் நேரம் முடிந்ததும் மிச்சமிருக்கிற சோறு, கோழி, கேக் எல்லாவற்றையும் ட்ரேயோடு பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் அதன் மேல் பிளீச் ஊற்ற வேண்டும். கக்கூஸ் கழுவுகிற அதே பிளீச். வேலிக்கு வெளியே நிற்கிற அந்த ஊர் ஏழைகள் குப்பையிலிருந்து எடுத்துத் தின்று, வயிற்றைக் கலக்கி, பழி கம்பெனி மேல் விழுந்துவிடக் கூடாதாம். நாங்களும் தொடக் கூடாது. எங்களுக்குத் தகரக் கொட்டகையில் தண்ணீர்ப் பருப்பும் கட்டிச் சோறும் தனியாக வரும்.

முதல் நாள் சூப்பர்வைசர் கேனைக் கையில் கொடுத்தபோது விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடந்த கதிரைப் பொறுக்கி வந்து சோறாக்கிய வீடு எங்களுடையது. ஊற்றினேன். ஊற்றாவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அன்று கொட்டகையில் என் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன். ஒரு வாரத்தில் ஊற்றவும் பழகிவிட்டது, சாப்பிடவும் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அங்கே எனக்கு வாய்த்த ஒரே நல்லது, பாத்திரம் கழுவும் பகுதியில் நாள் முழுக்க பிளீச் தண்ணீரோடு கிடந்த மதுரை கோரிப்பாளையத்துக்காரன். "மதுரையில எங்க மாப்ள?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள.

நோன்பு மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்தில் கொட்டகைச் சாப்பாடு வந்து சேராது. அதனால் பின்பக்க வேலையாட்கள் எல்லோரும் பேசாமலே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு ட்ரே சோற்றில் மட்டும் பிளீச் ஊற்றுவதில்லை. ஃபாயில் தாளால் மூடி, ஒரு மூலையை மடித்து, வண்டியின் அடித்தட்டில் வைத்துவிடுவோம். மூலை மடித்த ட்ரே நோன்பாளிகளுக்கு. எந்த நாட்டுக்காரனுக்கும் அது புரிந்தது.

ஒரு நாள் சூப்பர்வைசர் திடீரென்று பின்பக்கம் வந்து, எல்லா ட்ரேயையும் தன் கண் முன்னால் திறந்து ஊற்றச் சொன்னான். அன்று கேனைப் பிடித்திருந்த வேலையாள் அடித்தட்டு ட்ரேயிலும் ஊற்றினான். ஊற்றிவிட்டு, நல்ல பிள்ளையாக, ஃபாயிலை இருந்தபடியே மடித்து மூடி வைத்துவிட்டு குப்பை லாரியில் ஏற்ற ஆள் கூப்பிடப் போனான். நான் முன்பக்கம் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரக் குவியலிலிருந்து எழுந்து வந்த மாப்ள, போனில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டதும் மூலையைப் பிரித்து ஒரு பெரிய கவளமாக அள்ளி வாயில் போட்டு விழுங்கியிருக்கிறான். சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது தரையில் உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தொண்டை வெந்துபோனதைப் பற்றிக் கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சோறு அவன் வாய்க்கு எப்படிப் போனது என்றுதான் கேட்டார்கள். உணவுத் திருட்டு என்று முடிவு கட்டி அனுப்பிவிட்டார்கள். எங்களை அனுப்பிய ஏஜென்ட் அதோடு விடாமல் அவன் அத்தாவுக்குப் போன் போட்டு, "உங்க மகன் களவாண்டு மாட்டிக்கிட்டான்" என்று சொல்லியிருக்கிறான். கோரிப்பாளையத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அவர். பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியூர் போனால் கல்லாச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மகன் வீடு திரும்பியதிலிருந்து அவர் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்ததும், இந்தத் திருட்டுப் பட்டத்தை எப்படியாவது துடைத்துவிட வேண்டும் என்று ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன்.

மாப்ள சுவரோரம் உட்கார்ந்து இடியாப்பத்தைப் பாலில் கரைத்துக்கொண்டிருந்தான். கட்டியாக எதுவும் இன்னும் இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டான். அவன் அம்மா எனக்குச் சுடுசோறு போட்டு, கறிக்குழம்பு எடுக்க உள்ளே போனார்.

"அத்தா, அவன் களவாங்கல" என்று ஆரம்பித்தேன்.

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்ன தம்பி?"

"குப்பைக்குப் போற சோறு அத்தா. பிளீச் ஊத்திக் கொட்டுறது."

"இவனும் இதத்தான் சொல்றான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க, ஒங்க புளுகு எட்டு நிமிசம் தாங்காது. வடிச்ச சோத்துல எவனாச்சும் பிளீச் ஊத்துவானா? அம்புட்டுப் பெரிய பட்டாளம் வச்சிருக்கிறவனுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த பாட்டில என் கடையிலயே விக்கிறேன். மூடியத் திறந்தா நாலு கடை தள்ளி நெடி அடிக்கும். வாயில வைக்கிற வரைக்கும் இவனுக்குத் தெரியாமயா இருந்துச்சு? பசிச்சு எடுத்தான்னு சொல்லு, மன்னிச்சுருவேன். சோத்துல வெசம் ஊத்துனாங்கன்னு மட்டும் என்கிட்டச் சொல்லாத."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருட்டை நம்புகிற மனுசன், நடந்ததை நம்ப மாட்டேன் என்கிறார். குறை சொல்லவும் வழியில்லை, முதல் நாள் நானும் நம்பவில்லை. எழுந்துபோய் அவர்கள் பாத்ரூமிலிருந்து பிளீச் பாட்டிலை எடுத்து வந்தேன். என் முன்னால் இருந்த சுடுசோற்றின் மேல் ஊற்றினேன். ஓரத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து நடுவில் முடிக்க வேண்டும், அப்போதுதான் ஒரு பருக்கை தப்பாது. கை தானாகவே செய்தது.

குழம்போடு வந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். அத்தாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய ஜன்னலைத் தள்ளித் திறந்தார். "என்னய்யா பண்ற, என்ன பண்ற" என்றார்.

"இப்படித்தான் அத்தா. தினமும்."

இருமிக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் தட்டுக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாப்ள இன்னும் இடியாப்பத்தைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், ஒனக்கு நெடி அடிக்கலையா?" ஊர் திரும்பிய பிறகு அவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"என்ன நெடி அத்தா?" என்றான் அவன்.

அவர் துண்டை முகத்திலிருந்து எடுத்துவிட்டார். மகனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து அவன் உச்சந்தலையில் கையை வைத்தார். "நீ களவாங்கலடா" என்றார். பிறகு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பக்கத்து வீட்டு ஆடு ஒன்று சோற்றைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தது. அவர் அதை முழங்காலால் தள்ளிவிட்டுத் தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ஆடு விடவில்லை. எதிர்ச் சுவரில் இரண்டு காக்கை வந்து உட்கார்ந்தன. சாக்கடையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத எங்கய்யா கொட்டுறது?" என்று கேட்டார்.