பலாமரத் தட்டில் பச்சைக் கல்

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். இருக்கட்டுமே. ஐம்பது வயதில் கடைசல் இயந்திரம் வாங்கி, செரண்டாவில் எங்கள் வீட்டின் பின்பக்கம் வைத்து, மரத்தைச் சுழலவிட்டு, உளி பிடித்துக் கிண்ணமும் தட்டும் கடைகிற பொம்பளை எங்கள் தாமான் குடியிருப்பில் வேறு யார் இருக்கிறாள்? காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

பகலில் ரவாங் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. பிளாஸ்டிக் மூடிகளை விரலால் தடவியே எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடுவேன். மரம் கடையக் கற்றுக்கொண்டது கைபேசியில் காணொளி பார்த்து. வெடித்த மரத்தைத் தூக்கி எறியாமல், வண்ணக் கல்லைப் பொடித்து வெடிப்பில் நிரப்பி அழகு பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் அதில்தான். முதல் தடவை சம்பால் இடிக்கிற கல்லிலேயே போட்டு இடித்துவிட்டேன். எத்தனை கழுவியும் பொடி போகவில்லை. மறுநாள் சோற்றில் ‘நறுக்’கென்று கடித்த என் கணவர் தட்டை நகர்த்தினார். சாயங்காலம் புதிதாக ஓர் இடிகல் வாங்கிவந்து என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானதும், மாற்றிக்கொள்கிற தட்டை நானே கடைகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து இரண்டு வீட்டாரும் கைமாற்றிக்கொள்கிற தட்டு அது. அது மாறினால்தான் சம்பந்தம் உறுதி. அசாம் ஜாவா ஊரில் இருக்கும் என் அண்ணன் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று வெட்டிப்போட்ட பலாமரத்தில் ஒரு துண்டு என்னிடம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடைந்தேன். பச்சை மஞ்சளை நறுக்கியது மாதிரி அப்படி ஒரு நிறம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன், விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரு விரிசல்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அன்று பார்த்து வீட்டுக்கு வந்தவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விரிசல் விட்டத யாராச்சும் நல்ல காரியத்துக்கு வைப்பாங்களா? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, ஒன் தட்டத்தான் சொல்லுவாங்க.”

எனக்குச் சுரீர் என்றது. கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. கீறல் விழுந்த பானையைப் பொங்கலுக்குக் கிட்டவே சேர்க்காத குடும்பம் எங்களுடையது. மாப்பிள்ளை வீடு புக்கிட் ரோத்தானில். அவருடைய அம்மா சகுனம் பார்க்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். என் கைப்பெருமைக்காக என் மகள் காலமெல்லாம் பேச்சு வாங்க வேண்டுமா?

அண்ணியே ஒரு வழியும் சொன்னார். அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டால் விரிசல் இருந்ததே தெரியாது, யாரிடமும் மூச்சு விடாதே என்றார். செய்யக்கூடியதுதான். ஆனால் குறையை மறைத்து அனுப்பினால் என் வேலையிடத்தில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். முப்பது வருஷப் பழக்கம், எனக்கு மனம் வரவில்லை. மகளிடமே கேட்டேன். அவள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மறைக்காதீங்கம்மா. பச்சக் கல்லப் போடுங்க. கேட்டா சொல்லிருவோம் லா.”

மூக்கையும் வாயையும் மூடிக்கட்டிக்கொண்டு கரும்பச்சைக் கல்லை இடித்தேன். தேநீர் வடிகட்டியில் சலித்து, பருக்கையை அடியிலும் மாவாக இருந்ததை மேலேயும் திணித்து, தண்ணீராக ஓடுகிற பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காய்ந்ததும் மறுபடி சுழலவிட்டு, மேடாக இருந்ததை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். மரம் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று என் விரலுக்கே பிடிபடவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, தட்டுகளை வரிசையாக வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா நேராக மரத்தட்டைத்தான் எடுத்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அண்ணி என் கையைக் கிள்ளினார். வலித்தது.

“நான் கடைஞ்சது சம்பந்தி. விரிசல் விட்டுச்சு, கல்லப் பொடிச்சு அடைச்சிருக்கேன். உங்களுக்கு மனசு ஒப்பலன்னா வெள்ளித்தட்டு உள்ள இருக்கு, மாத்தி வச்சிர்றேன்.”

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா பச்சைக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, விளிம்பிலிருந்து நடுவரைக்கும் மெதுவாகத் தடவினார். திரும்பவும் தடவினார்.

“வெத்தலய வைங்க” என்றார்.

தட்டு மாறியது. நான் சாப்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டேன்.

எல்லாம் முடிந்து, பழம் பலகாரத்தை எடுத்துவிட்டு அவரவர் தட்டை அவரவருக்குத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அண்ணிதான் பிரித்துக்கொண்டிருந்தார். “நம்ம மரத்தட்டு குறையுதே” என்றார். நம்ம தட்டாம்! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

வாசலில் அவர்கள் வேன் புறப்படத் தயாராக நின்றது. அண்ணி போய்ப் பார்த்தார், நானும் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளையின் அம்மா முன் இருக்கையில் மரத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறந்து எடுத்துவந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று அண்ணி பதமாகச் சொல்லிப் பார்த்தார்.

“மறக்கலீங்க. கல்யாணத்தன்னிக்குத் தாலிய இதுல வச்சுத்தான் எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கணும்.”

வேன் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, நடுத்தெருவில் நின்று அழுதேன். அத்தனையும் பெருமை. பக்கத்து வீட்டு அம்மா என்ன விஷயம் என்று வேலியோரம் வந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். அந்தத் தட்டு எங்கள் வீட்டில் கடைந்தது என்றும், விரிசலில் கல் போட்டிருக்கிறோம் என்றும், விளிம்பிலிருந்து நடுவரைக்கும் விரலை இழுத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.