மந்திரித்த ரொட்டியும் மயக்க மருந்தும்

என் மகளுக்கு இடது கண் வெளிப்பக்கம் நகராது. அந்தப் பக்கம் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் முகத்தையே திருப்புவாள். தெருமுனைக் கடை அண்ணாச்சி அதை மாறுகண் என்றார், வீட்டுக்கு யோகம் என்றார். அந்த யோகம் உங்கள் பேத்திக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு, அன்றோடு கடையை மாற்றிக்கொண்டேன்.

கண் டாக்டர் யோகம் பேசவில்லை. கண்ணை அந்தப் பக்கம் அசைக்கிற நரம்பு அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்காது, அப்படியென்றால் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். மூளைக்குள் கட்டி ஏதாவது அந்த நரம்பை அழுத்தினாலும் இப்படி ஆகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். கட்டி என்று கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கப்பலில், எந்தக் கடலிலோ. போன் கிடைக்கும்போதெல்லாம் பயப்படாதே என்பார். சொல்வதற்கென்ன!

நாலரை வயதுப் பிள்ளை அந்த மெஷினுக்குள் அசையாமல் படுக்குமா? மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு வெறும் வயிறாக வர வேண்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலைக்கு இடம் கிடைத்தது. பசிக்குது பசிக்குது என்று அழுதவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரின் அக்காள், என் மதினி, மாதா கோயிலில் நவநாள் பூசை முடிந்து நேரே அங்கே வந்தாள். கையெழுத்துப் போட நான் கவுண்டருக்குப் போனபோது பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். மடச்சி நான்.

உள்ளே மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, பிள்ளை ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டார். பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்றேன்.

"அத்தை ரொட்டி தந்தாவ," என்றாள் மகள்.

ஸ்கேன் ரத்து. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். இனிப் பதினைந்து நாள் கழித்துத்தான் இடம்.

வெளியே வந்து மதினியைக் கேட்டேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

"அது பூசையில மந்திரிச்ச ரொட்டில்லா. ஒருசந்தி இருந்துட்டு நற்கருணை வாங்குதோமே, ஒருசந்தியா முறியுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் விரதமும் ஆஸ்பத்திரி வெறும் வயிறும் ஒன்றா? வயிற்றுக்கு மந்திரித்ததும் மந்திரிக்காததும் தெரியுமா? பதினைந்து ராத்திரி அந்தக் கட்டியை நினைத்து விழித்துக் கிடக்கப்போவது நானா நீயா என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. வயதில் மூத்த மதினியை அடிக்க முடியாது. ஓங்கிய கை பிள்ளையின் முதுகில் விழுந்தது.

"உன்ன யாருளா சொல்லச் சொன்னா?"

உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அடி. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே அவளை இழந்திருக்கலாம். அந்த ஆத்திரத்தில் இதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த முறை மதினியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே டாக்டரம்மா. இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை, பிள்ளையிடம் குனிந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். மகள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டார். அவள் சொன்னால்தான் மருந்து என்றார். சொல்லேன் பிள்ளே என்று நானும் கெஞ்சினேன்.

"சொன்னா நீ அடிப்ப," என்றாள்.

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடிக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான், ஒன்றும் தின்னவில்லை என்று பிள்ளை சொன்னாள்.

கட்டி இல்லை. படத்தில் ஒரு பக்கம் மெல்லிய நூலாக நரம்பு ஓடுவதையும் மறுபக்கம் அது இல்லாததையும் கண் டாக்டர் காட்டினார். எல்லாம் ரொட்டியின் மகிமை என்று மதினி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவளோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் என் மகள் இப்போது யார் எதைக் கேட்டாலும், முதலில் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.